கற்கும் இயந்திரம் – 9: நாலு பேரை விசாரித்து நம்பிய கணினி

உலக அறிவைக் கணினிக்கு ஊட்ட 1984-ல் டக்ளஸ் லெனட் தொடங்கிய 'சைக்' திட்டத்தைப் போன வாரம் பார்த்தோம். ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு உண்மையாக எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டுகள் ஓடின, எழுத வேண்டியது தீரவில்லை. கணினியே படித்துத் தெரிந்துகொள்ளட்டுமே என்று இறங்கியவர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் மிட்செல்.

2010 ஜனவரியில் அவருடைய குழு ஒரு நிரலை ஓடவிட்டது. 'நெவர் எண்டிங் லாங்குவேஜ் லேர்னிங்', சுருக்கமாக 'நெல்'. இரவு பகலாக இணையத்தைப் படித்து உண்மைகளைச் சேர்ப்பதுதான் அதன் வேலை. நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர் என்று சில நூறு வகைகளும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணங்களும், 50 கோடி இணையப் பக்கங்களும் கொடுத்தார்கள்.

பாரிஸ் ஒரு நகரம் என்று சொல்லியாயிற்று. பக்கங்களில் 'பாரிஸ் மேயர்' என்று வருகிறது. அப்படியானால் மேயருக்கு முன்னால் வருவது நகரமாக இருக்கலாம். இந்த வாய்ப்பாட்டை வைத்துப் புதிய நகரங்கள். அவற்றை வைத்துப் புதிய வாய்ப்பாடுகள்.

ஆபத்தும் இங்கேதான். ஒரு தப்பு நுழைந்தால் அதுவும் குட்டி போடும். 'இன்டர்நெட் குக்கீஸ்' என்பதை நெல் பேக்கரிப் பண்டங்களோடு சேர்த்தது. 'குக்கீஸை டெலீட் செய்தேன்' என்ற வாக்கியத்தைப் படித்ததும், டெலீட் செய்யப்படும் ஃபைல்களையும் பிஸ்கட், கேக் வரிசையில் வைத்தது!

இதைத் தடுக்க மிட்செல் குழு சில கட்டுப்பாடுகளை வைத்திருந்தது. நகரம் மனிதராக இருக்க முடியாது. ஒருவர் ஓர் அணிக்கு ஆடுகிறார் என்றால் அவர் விளையாட்டு வீரராகத்தான் இருக்க வேண்டும். நிரலுக்குள் நான்கு பகுதிகள்: ஒன்று வாக்கியங்களைப் பார்க்கும்; ஒன்று பட்டியல்களையும் அட்டவணைகளையும்; ஒன்று சொல்லின் எழுத்தமைப்பை; இன்னொன்று தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகிக்கும். சம்பந்தம் பேசுமுன் நாலு இடத்தில் விசாரிப்பது போலத்தான். ஒரு பகுதி மிக உறுதியாகச் சொன்னாலோ, பல பகுதிகள் ஒத்துச் சொன்னாலோதான் ஒரு தகவல் நம்பிக்கைப் பட்டியலில் ஏறும்.

அப்படியும் சறுக்கல் நிற்கவில்லை. 67 நாட்களில் 2,42,000 தகவல்கள் சேர்ந்தன. அவற்றில் 74 சதவீதம் சரி. ஆனால் முதல் கட்டத்தில் 90 சதவீதமாக இருந்த துல்லியம் கடைசிக் கட்டத்தில் 57-க்கு இறங்கியிருந்தது. படிக்கப் படிக்கத் தவறும் கூடியது. ஆறு மாதம் தனியே விட்டுப் பார்த்த குழு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வகைக்கு ஐந்து நிமிடம் என்று திருத்திக் கொடுக்கத் தொடங்கியது. அக்டோபரில் தகவல்கள் 3,90,000 ஆயின. துல்லியம் 87 சதவீதம்.

2015-ல் நெல்லின் சேமிப்பு 8 கோடித் தகவல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இவ்வளவு தூரம் நம்பலாம்' என்று ஒரு மதிப்பெண். எதைப் பார்த்து நம்பியது என்ற ஆதாரமும் உண்டு. இன்றைய மொழி மாதிரிகள் படித்திருப்பது இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால், 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால், நெல்லைப் போல் பதிவேட்டைத் திறந்து காட்ட அவற்றிடம் பதிவேடு இல்லை.

அடுத்த வாரம்: அதே பல்கலைக்கழகத்தில் 2013-ல், படங்களைப் பார்த்தே பாடம் கற்ற 'நீல்'.