பிரசாதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது

சென்ற நவராத்திரியில் சரசுவதி பூசை நாள். பூசை முடிந்து பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். லட்டுத் தட்டோடு நான் வந்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வேண்டாம் அன்ரி" என்றாள். "சாமிப் பிரசாதம் பிள்ளை, வேண்டாமென்று சொல்லக்கூடாது" என்று அவள் கையை இழுத்து லட்டை வைத்தேன். தாயார் ஓடிவந்து அதைப் பறித்தெடுத்தார். எனக்குக் கோபம் வந்தது உண்மை.

பிறகுதான் அவர் விளக்கினார். அந்தப் பிள்ளைக்குக் கஜுவும் கச்சானும் ஒவ்வாது. முந்திய ஆண்டு ஒரு பிறந்தநாள் வீட்டில் கஜு சேர்ந்த பலகாரத்தை ஒரு கடி கடித்ததும் உதடு வீங்கி, மூச்சு அடைத்து, அம்புலன்சில் கொண்டுபோனார்களாம். நாங்கள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளை சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் தனியே போயிருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து திராட்சைப்பழம் சாப்பிட்டாள். அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

"பிரசாதம் ஒன்றும் செய்யாது" என்று நாம் பக்தியினாற் சொல்கிறோம். ஆனால் ஒவ்வாமை என்பது நம்பிக்கைக் குறைவோ, செல்லமாக வளர்த்த பிழையோ அன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி ஓர் உணவைப் பகையென்று கருதித் தாக்குவதால் வருவது. சில பிள்ளைகளுக்கு மிகச் சிறிய அளவே உயிராபத்தாகலாம். "கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்தாற் பழகிவிடும்" என்று நாம் வைத்தியம் பார்க்கக்கூடாது. அது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்கவேண்டிய காரியம்.

பிரித்தானியாவில் 2014 டிசம்பர் முதல், உணவகங்கள் தாம் சமைத்துக் கொடுக்கும் உணவில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களில் எவை உள்ளன என்று தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். கச்சான், கஜு போன்ற கொட்டைகள், பால், எள், கடுகு, கோதுமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எமது மடைப்பள்ளியின் அரைவாசி அதில் அடங்கிவிடுகிறது! உபயகாரர் வீட்டிலிருந்து வரும் பாத்திரங்களிலோ எதுவும் எழுதியிருப்பதில்லை. சட்டம் எம்மைக் கட்டுப்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகளின் உயிர் எமது பொறுப்பு.

அன்பர்களே, இவ்வாண்டு நவராத்திரிக்கு நாம் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு கடதாசியில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டுங்கள். மறைந்திருப்பவற்றையும் எழுதுங்கள்: கடலைக்குத் தாளித்த கடுகு, பொங்கலில் விட்ட நெய், எள்ளில் எடுத்த நல்லெண்ணெய். பெருங்காயத் தூளிற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி அகப்பை வேண்டும். லட்டுத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமற் பழத்தைத் தொடவேண்டாம். கிருமிநாசினி ஜெல் போதாது.

மூன்றாவது, ஒவ்வொரு நாளும் ஒரு நைவேத்தியமாவது எல்லாப் பிள்ளைகளும் உண்ணக்கூடியதாக இருக்கட்டும். வாழைப்பழம், திராட்சை, கற்கண்டு என்று எதுவானாலும் பெற்றோரைக் கேட்டுத் தீர்மானிப்போம். அதையே முதலில், எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம்.

நான்காவது, பெற்றோரைக் கேளாமல் எந்தப் பிள்ளைக்கும் ஊட்டாதீர்கள். "வேண்டாம்" என்றால் விபூதியும் பூவும் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஆபத்து நேர்ந்தால், அதாவது மூச்சுத் திணறினால், நாக்கோ தொண்டையோ வீங்கினால், மயங்கினால், தாமதிக்கலாகாது. பிள்ளையிடமுள்ள அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் ஏற்றி, உடனே 999 அழைத்து "அனபிலாக்சிஸ்" என்று சொல்லுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுவிடக் கடினமானால் இருத்திவைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். 5 நிமிடத்திற் குறையாவிட்டால் இரண்டாவது ஊசியை ஏற்றவேண்டும்.

ஒரு வில்வ இலையும் ஒரு செம்பு நீரும் சிவனுக்குப் போதும் என்று வாழ்ந்தவர்கள் எம் முன்னோர். கஜு இல்லாத நைவேத்தியத்தை அம்பாள் குறையென்று கொள்ளமாட்டாள். அந்தச் சிறுமி இம்முறை மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் இருந்து கைநீட்டி வாங்கவேண்டும். அதற்கு உபயகாரரும் தொண்டர்களும் ஒத்துழைக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

— மடைப்பள்ளித் தொண்டர் ஒருவர்