கொல்லையில் கிடைத்த காசு யாருக்கு?

வீட்டுக் கொல்லையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக் கிடைக்கும் பழங்காசு, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண்ணுக்குள்ளோ, மண்ணில் ஊன்றிய சுவர் போன்றவற்றிலோ மறைந்திருந்த மதிப்புள்ள எதுவும் புதையல்தான். அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விக்டோரியா காலத்து வரம்பு அது. இன்று ஒற்றைச் செப்புக்காசே அதைத் தாண்டிவிடும்.

கடிதத்தில் என்ன கிடைத்தது, தோராய மதிப்பு, இடம், தேதி ஆகியவை இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம். அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுக்கலாம். ஒப்படைக்குமுன் இரு பக்கமும் படம் எடுத்து, எடை குறித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பிறகு ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் ஆஜராக 4 முதல் 6 மாதம் வரை அவகாசம் உண்டு. உரிமையாளர் இல்லாதது என்று முடிவானால், தனி உடன்பாடு இல்லாதவரை, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கருவியோடு வருபவரை உள்ளே விடுமுன் பங்கை எழுதி வாங்காத வீட்டுக்காரருக்கு அந்தக் கால் பங்குதான். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். சட்டத்தின் பலவீனம் இங்கேதான்: சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசானாலும் கணக்கு செம்பின் விலைக்குத்தான். பலர் மறைக்க இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மறைத்தவர் பங்கை இழப்பார். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தெரிந்தே உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கும் தண்டனை உண்டு.

100 ஆண்டைக் கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும் குற்றம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்துக்குள் அனுமதியின்றித் தோண்டவே முடியாது.

கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. பச்சைப் பாசம்போல் படிந்திருப்பதோடு எழுத்தும் உருவமும் கரைந்துபோகும். ராஜராஜன் காசில் அமர்ந்த உருவமும் அதன் பக்கத்து எழுத்தும் மொட்டையானால், மிஞ்சுவது வெறும் செப்புத் துண்டு. மண்ணைக்கூடத் தட்டாமல் காகிதத்தில் பொதிந்து, கிடைத்த ஆழத்தைக் குறித்துவைத்தால் தொல்லியல் துறைக்கு உதவும்.

மனையில் புதையல் இருப்பதாகச் சொல்லிப் பூஜைக்கும் கருவி வாடகைக்கும் முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள் தயங்காமல் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள்.