508 புள்ளி: ஒரு திங்கட்கிழமையின் கணக்கு

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. நியூயார்க்கில் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 2,246.74-இலிருந்து 1,738.74-க்கு இறங்கியது. 508 புள்ளி. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்ட எண் இதுதான். அன்றைய கணக்கில் மிகக் குறைவாக விஷயம் சொல்லும் எண்ணும் இதுவே. டவ் 40,000-ஐத் தாண்டிவிட்ட காலத்தில் 508 புள்ளி ஒன்றரை சதவீதம்கூட வராது. அன்று அது 22.6 சதவீதம். 1929-இன் மிக மோசமான நாளான அக்டோபர் 28-இல்கூட இறக்கம் 12.8 சதவீதம்தான். இன்னொன்று: 22.6 சதவீதம் இறங்கிய சந்தை பழைய இடத்துக்கு வர 29.2 சதவீதம் ஏற வேண்டும்.

பார்க்க வேண்டிய எண்கள் வேறு. அன்று நியூயார்க் சந்தையில் கைமாறியவை 60.4 கோடிப் பங்குகள். மதிப்பு சுமார் 2,100 கோடி டாலர். அமெரிக்கப் பங்குகளின் மொத்த மதிப்பில் காணாமல் போனதோ சுமார் 50,000 கோடி டாலர். கைமாறிய ஒவ்வொரு டாலருக்கும் கிட்டத்தட்ட 24 டாலர் காற்றில் போயிற்று. அந்தப் பணம் யார் கைக்கும் போகவில்லை. தெருவில் ஒரு வீடு அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குப் போனால், விற்காத வீடுகளுக்கும் அதே விலை பேசுவார்களே, அந்தக் கதைதான்.

அவசரமாக விற்றது யார்? ‘போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்’ என்று ஒரு முறை அப்போது பிரபலம். விலை இறங்கினால் கொஞ்சம் விற்றுவிடு, மேலும் இறங்கினால் மேலும் விற்றுவிடு என்பதே அதன் சூத்திரம். 6,000 முதல் 9,000 கோடி டாலர் வரையிலான முதலீடு இந்த முறையை நம்பியிருந்தது. ஒருவர் மட்டும் இப்படிச் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே படிக்கட்டில் இறங்கினால்? நிக்கோலஸ் பிரேடி தலைமையிலான குழு பிறகு விசாரித்தபோது, ஒரே ஒரு விற்பனையாளர் 13 தவணைகளில் 110 கோடி டாலருக்குப் பங்குகளைத் தள்ளிவிட்டது தெரிந்தது. சந்தை திறந்து அரை மணி நேரமாகியும் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் 95 பங்குகளின் வணிகம் தொடங்கவே இல்லை. விலை காட்டும் டிக்கர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியது. விற்றவர்களில் பலருக்கு என்ன விலைக்கு விற்றோம் என்பதே தெரியாது.

மறுநாள் டோக்கியோ 14.9 சதவீதமும் சிட்னி சுமார் 25 சதவீதமும் இறங்கின. லண்டன் இரண்டு நாளும் அடி வாங்கியது: 10.8, பிறகு 12.2.

ஹாங்காங்தான் வேறு வழி தேடியது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் சந்தையை இழுத்து மூடிவிட்டார்கள். அக்டோபர் 26-இல் திறந்ததும் அங்கத்திய குறியீட்டெண்ணான ஹாங் செங் 3,362.39-இலிருந்து 2,241.69-க்கு விழுந்தது, ஒரே நாளில் 33.3 சதவீதம். அங்கே முன்பேர வணிகத்துக்கு உத்தரவாதம் தர வேண்டிய நிறுவனத்தின் மூலதனம் 1.5 கோடி ஹாங்காங் டாலர். அதைக் காப்பாற்ற அரசும் வங்கிகளும் முதலில் திரட்டியது 200 கோடி. அதுவும் போதாமல் இன்னொரு 200 கோடி. இந்தச் சரிவின் பேரேட்டில் என் கண்ணை உறுத்துவது அந்த ஒன்றரைக் கோடிதான்.

நியூயார்க்கின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். டிசம்பர் 31-இல் டவ் 1,938.83, முந்தைய ஆண்டு இறுதியில் 1,895.95. மொத்தத்தில் ஏற்றம்! ஆகஸ்ட் உச்சமான 2,722-ஐ மீண்டும் தொட மட்டும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

1988-இல் சர்க்யூட் பிரேக்கர் வந்தது: 250 புள்ளி இறங்கினால் ஒரு மணி நேரம் வணிகம் நிற்கும், 400 புள்ளி இறங்கினால் இரண்டு மணி நேரம். விதி எழுதியவர்களும் புள்ளியையே பிடித்துக்கொண்டார்கள். பின்னர் வரம்பை 350, 550 என்று உயர்த்தினார்கள். 1997 அக்டோபர் 27-இல் டவ் 554 புள்ளி இறங்க, சந்தை முன்கூட்டியே மூடப்பட்டது. அன்றைய இறக்கம் 7.2 சதவீதம். 1998-இல்தான் வரம்புகள் சதவீதத்துக்கு மாறின.