மின்மினியின் ஒளிமொழி

மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் வேலியோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் மின்மினிகள் பறப்பதை அங்கத்தினர் யாவரும் கண்டிருப்பர். அவை எதற்காக ஒளி வீசுகின்றன என்று கேட்டால், வழி தெரிவதற்காக என்றே பலரும் விடையளிக்கின்றனர். அது சரியன்று. பறக்கும் மின்மினியின் ஒளி, துணையை நாடி விடுக்கும் அழைப்பாகும். அவ்வழைப்பு பெண் பூச்சியின் கண்ணுக்கு எட்டாமற்போனால், அவ்வினம் அவ்விடத்தில் நிலைத்தல் அரிது.

மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அதன் வயிற்றின் கடைசிக் கண்டங்களில் லூசிஃபெரின் என்னும் பொருள், லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையால் பிராணவாயுவுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. அவ்வொளியில் வெப்பம் இல்லையென்றே சொல்லலாம்.

விஞ்ஞானிகள் மிகுதியாக ஆராய்ந்திருப்பது, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழும் போட்டினஸ் பைராலிஸ் என்ற மின்மினியை. அந்தி நேரத்தில் ஆண் பூச்சி புல்வெளிக்குச் சற்று மேலாகப் பறந்து, ஏறத்தாழ 6 விநாடிக்கு ஒருமுறை, தூண்டில் முள்ளைப் போல் வளைந்தெழும் ஓர் ஒளிக்கீற்றை வீசுகிறது. பெண் புல்நுனியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு விருப்பமானால் சுமார் 2 விநாடி கழித்து ஒருமுறை பதிலொளி காட்டும். ஆண் அத்திசை நோக்கித் திரும்பி மீண்டும் கேட்கும். பெண் மீண்டும் விடையளிக்கும். இவ்வாறு படிப்படியாக நெருங்கி இரண்டும் இணைகின்றன. குளிர்ந்த இரவில் இவ்விடைவெளி நீளும். சேலையின் கரையைக் கண்டே எவ்வூர்த் தறியில் நெய்தது என்று நம் நெசவாளர் சொல்லிவிடுவதைப் போல, ஒளியின் அளவையும் இடைவெளியையும் கொண்டே பெண் தன் இனத்தானை அறிந்துகொள்கிறது.

இதிலும் வஞ்சகம் உண்டு. போட்டூரிஸ் என்னும் வேறொரு வகையின் பெண், போட்டினஸ் பெண்ணைப் போலவே பதிலொளி காட்டி, நம்பி வந்த ஆணைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. ஜேம்ஸ் லாயிட் என்ற ஆராய்ச்சியாளர் 1965இல் இதனை விளக்கி எழுதினார். பசி தீர்வதோடு, இரையின் உடலிலுள்ள நச்சுப்பொருளும் அதற்குக் காப்பாகிறது.

போட்டினஸ் வகையில் முதிர்ந்த பூச்சிகள் பெரும்பாலும் உணவு கொள்வதில்லை. ஆகவே இணையும்போது ஆண், விந்துடன் புரதம் செறிந்த ஒரு பொதியையும் பெண்ணுக்கு அளிக்கிறது. ஏறக்குறைய சீதனம் போன்றதே. கொடுப்பவன் மணமகன் என்பதுதான் வேறுபாடு. முட்டைகளின் வளர்ச்சிக்கு அது பயன்படுகிறது.

ஈரமண்ணில் இடப்பட்ட முட்டைகள் சில வாரங்களில் பொரிக்கின்றன. முதிர்ந்த பூச்சிக்குச் சில வார ஆயுள்தான்; புழுவோ ஓராண்டு, ஈராண்டு கூட மண்ணில் வாழ்வதுண்டு. விவசாயிகள் கவனிக்கவேண்டியது இப்பருவத்தையே. பல வகை மின்மினிப் புழுக்கள் நத்தைகளைக் கடித்து, நஞ்சால் செயலிழக்கச்செய்து உண்கின்றன. இலங்கையிலுள்ள லாம்ப்ரிஜெரா டெனிப்ரோசா என்னும் வகையின் புழு, பயிர்களைப் பாழாக்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தையையும் தின்னக்கூடியது. இவ்வகைப் பெண்ணுக்குச் சிறகில்லை. அது வாழும் கரையை அழித்துவிட்டால் பறந்துபோய் வேறிடம் தேட அதனால் இயலாது.

பல நாட்டு நிபுணர்களின் கருத்தைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வொன்று, வாழிடம் அழிதல், இரவில் செயற்கை வெளிச்சம், பூச்சிமருந்து ஆகிய மூன்றையும் மின்மினிக்குப் பேரிடர்களாகக் கூறியது. விளக்கொளியில் ஆணின் கீற்று மங்கித் தோன்றும். பெண் பதிலளிப்பதும் குறையும். மண்ணில் ஊற்றும் மருந்து புழுவையும் கொல்லும்.

சங்கக் கிடங்குக்குக் காவல் விளக்கு வேண்டாமென்று கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவரே எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். நான் சொல்வது அதுவன்று. விளக்குக்கு மேல்மூடி போட்டால் வெளிச்சம் கதவின்மேல் விழும். அடுத்த வயலில் விழவேண்டிய அவசியமில்லை. பம்புசெட் கொட்டகை விளக்கை, வேலை முடிந்ததும் அணைத்துவிட்டால் மின்கட்டணமும் குறையும். வாய்க்கால் கரையில் ஓரிரு முழ அகலத்திற்குப் புல்லைச் செதுக்காமலும் மருந்து தெளிக்காமலும் விட்டுவைத்தால், அடுத்த மழைக்காலத்தில் பறக்கவேண்டிய புழுக்கள் அங்கே வளரும்.