கைப்பற்றிய பொன்னும் பரிசுப் பணமும்

ஆதாயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் 'லூட்' என்பது நம் நாட்டிலிருந்து ஹிந்தி வழியாகச் சென்றது என்பதும், 1841-ஆம் ஆண்டுச் சீன யுத்தம், கிரிமியா யுத்தம், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஆகியவற்றினூடே சிறிது சிறிதாகப் பழகி அப்பாஷையில் நிலைபெற்றது என்பதும், ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியால் விளங்குகின்றன. ஆனால் புனே நகரத்தில் கைப்பற்றப்பட்ட பொன்னுக்கு இந்த முரட்டுப் பெயர் வாய்க்கவில்லை. 'பிரைஸ்' என்னும் கண்ணியமான பெயரே வாய்த்தது.

1817 நவம்பரில், மராத்திய அரசின் பேஷ்வாவோடு நடந்த கட்கிப் போருக்குப் பின் கிழக்கிந்தியக் கும்பினியின் படை புனேயை ஸ்வாதீனம் செய்துகொண்டது. மறு வருஷம், ராய்கட் கோட்டையின் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, இருந்த நாரோபா கோவிந்த ஔட்டியின் புனே வீட்டிலிருந்த பொன் மூட்டைகள், பேஷ்வாவின் பொக்கிஷத்தைச் சேர்ந்தவை என்ற காரணத்தால் எடுத்துச் செல்லப்பட்டன. அது சொந்தச் சொத்தே என்று அவர் தரப்பினர் தொடுத்த வழக்கில் பம்பாய் சுப்ரீம் கோர்ட் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1830-இல் லண்டன் பிரிவி கவுன்சிலோ, யுத்தத்தில் கைப்பற்றியதை விசாரிக்கச் சாதாரண நீதிமன்றத்திற்கு அதிகாரமே இல்லை என்று கூறி அத்தீர்ப்பை ரத்து செய்தது.

'பிரைஸ்' என்பது உண்மையில் ஒன்றல்ல, இரண்டு சொற்கள். பரிசு என்று நாம் பொருள்கொள்வது, விலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. போரில் பிடித்த பொருளைக் குறிப்பதோ, பற்றுதல் என்னும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. காலக்கிரமத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் கலந்துவிட்டமையால், பறித்தவன் பரிசு பெற்றவனாகவே தோற்றமளிக்கிறான். இதுவே என்னைப் பெரிதும் வருத்துகிறது. ஆதாயத்தைக் குறிக்கும் மற்றச் சொற்களுள் 'கெய்ன்' என்பதற்கு இரைதேடுதலும் 'பிராபிட்' என்பதற்கு முன்னேறுதலும் ஆதிப்பொருள்கள். அவற்றால் ஒருவருக்கும் தீங்கில்லை.

சொற்களின் பொருள் மாறுவது இயல்பு, பிறப்பை ஆராய்ந்து பயனில்லை என்பாரும் உளர். ஆயினும், கடைத் தள்ளுபடி விளம்பரங்களில் 'லூட்' என்று பெரிய எழுத்தில் போட்டு ஜனங்களை அழைக்கும் இக்காலத்தில், பறிகொடுத்தவனின் நினைவு அச்சொல்லைவிட்டு முற்றும் அகன்றுவிட்டது என்பதில் சந்தேகமில்லை. நம் மாணவர்களுக்கென்று அச்சிடும் ஆங்கிலம்-தமிழ் அகராதிகளிலேனும் 'பிரைஸ்' என்பதன் இரண்டு வேர்களையும் தனித்தனியே காட்டி, இரண்டாவதன்கீழ் நாரோபாவின் வழக்கையும் ஒரு வரியில் குறிக்கப் பதிப்பாசிரியர்கள் முன்வர வேண்டும்.