உங்களுக்குத் தெரியுமா? இரும்பை ஒட்டும் பசை

★ ஜெர்மனியின் மார்ல் நகரில், லிப்பே கால்வாய் மீது 1950-களின் நடுவில் 56 மீட்டர் நீளத்துக்கு ஒரு எஃகுப் பாலம் போட்டார்கள். இணைப்புகளில் போல்ட்டோடு பசையும் உண்டு. ஆனால் பசையை மட்டும் நம்பி விட்டுவிட அவர்களுக்கும் மனம் வரவில்லை.

★ நல்ல எப்பாக்ஸி பசையால் ஒட்டிய இரண்டு தகடுகளை எதிரெதிராக வழுக்கி இழுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் ஒட்டு சுமார் 200 கிலோ தாங்கும். அதே ஒட்டு, ஸ்டிக்கரை உரிப்பதுபோல் ஓரத்திலிருந்து கிளப்பினால் சுலபமாகப் பிரிந்துவிடும்.

★ ஏற்காட்டின் வெள்ளக்கடைப் பக்கம் மூடுபனி இறங்கிய காலையில், வெளியே கிடக்கும் இரும்புச் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், விரல் நனையும். பசைக்கு முதல் எதிரி இந்த ஈரம்தான். பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். துணியால் துடைத்தால் போதாது: துரு, எண்ணெய், பெயின்ட் எல்லாம் போக மணல் வீசிச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கும் என்பதால், உடனே ஒட்டிவிட வேண்டும்.

★ எப்பாக்ஸியின் இரு பகுதிகளான ரெசினும் ஹார்டனரும் கலந்தபின், சூடு 10 டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சேலம் வெயிலில் டப்பாவிலேயே கெட்டியாகிற கலவை, ஏற்காட்டு மார்கழியில் மறுநாளும் பிசுபிசுக்கலாம்.

★ எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதி ஐ.எஸ். 800 (2007), இணைப்புக்கு ரிவெட், போல்ட், பின், வெல்டிங் ஆகியவற்றைத்தான் பேசுகிறது. 1943-இல் திறந்த ஹவுரா பாலம் ரிவெட்டால் நிற்கிறது; 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு வெல்டிங். பசைக்கு ஏன் இடமில்லை? வெயிலில் கிடக்கும் இரும்பு எட்டிவிடுகிற 60 டிகிரியிலேயே சாதாரண எப்பாக்ஸி இளகத் தொடங்கும். தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

★ ஆனால் கான்கிரீட்டில் துளையிட்டுக் கம்பியைப் பசையால் பதிக்கும் 'ரீபாரிங்' இன்று நம் ஊர்களிலும் சகஜம். 2006-இல் அமெரிக்காவின் பாஸ்டன் சுரங்கச்சாலையில், இப்படிப் பதித்த போல்ட்டுகள் மெல்ல மெல்ல நழுவி, 26 டன் கான்கிரீட் கூரைப் பலகைகள் ஒரு கார் மீது விழுந்தன. ஒரு பெண் இறந்தார். சீக்கிரம் இறுகும் அந்த எப்பாக்ஸி, ஓயாமல் தொங்கும் சுமையில் நாளடைவில் நீண்டுகொடுக்கும் ரகம்.

★ உங்கள் வீட்டில் ரீபாரிங் நடந்தால் பக்கத்தில் நில்லுங்கள். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதித் தூசி போனபிறகே பசை விடச் சொல்லுங்கள்.