காட்டுத் தீயின் புகையும் நம் மூச்சும்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோவைக்கு மேற்கே ஆலாந்துறை மலைப்பகுதியில் காடு பற்றி எரிந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் நீர் மொண்டு வந்து தீயின்மேல் கொட்டியது. மறு ஆண்டு ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. "மலை எங்கே, கணபதி எங்கே? அந்தத் தீ நம்மை என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். தீ ஓரிடத்தில் எரிகிறது. அதன் புகையோ காற்று வீசும் திசையில் பல கிலோமீட்டர் செல்கிறது.

புகையில் என்ன இருக்கிறது?

மரமும் சருகும் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்களும் நுண்துகள்களும் உண்டாகின்றன. தொலைவில் வாழ்வோருக்குப் பெருங்கேடு செய்பவை 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கிலுள்ள மயிரும் சளியும் தடுத்துவிடும். இத்துகள்களோ நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவே ஆஸ்துமாக்காரர்கள் மட்டுமன்றி இதய நோயாளிகளும் இடருக்கு உள்ளாகின்றனர்.

ஈரத்துணி போதுமா?

போதாது. துணியின் இழைகளுக்கு இடையேயுள்ள துளைகள் இத்துகள்களைவிடப் பன்மடங்கு பெரியவை. என்-95 முகக்கவசத்தின் இழைகளில் மின்னேற்றம் உள்ளது. அது துகள்களை ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். வாயுக்களை அது தடுப்பதில்லை.

செய்ய வேண்டியவை

காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் காற்று 'மோசம்' எனப் பொருள். அன்று கதவு, சன்னல்களைச் சாத்தி வையுங்கள். புகை குறைந்ததும் திறந்து விடுங்கள். ஊதுவத்தி, கொசுவத்தி ஏற்ற வேண்டாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஓடும்போது பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறோம். எனவே பள்ளிகளில் விளையாட்டு வகுப்பை நிறுத்துவது நல்லது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் தயங்காமல் 108ஐ அழையுங்கள்.

எல்லோர் வீட்டிலும் சாத்தக்கூடிய சன்னல் இராது. ஓட்டு வீட்டின் இடுக்குகள் வழியே புகை நுழையும். தனியே வாழும் முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோர் தங்க, தெருவில் நன்றாகச் சாத்தக்கூடிய ஓர் அறையை முன்கூட்டியே தேர்ந்து வையுங்கள். காய்ந்த இலைகளையும் குப்பையையும் கொளுத்தாதீர்கள். மலைத்தீயை நம்மால் அணைக்க இயலாமற் போகலாம். நம் தெருவின் புகையைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.